சும்மா கிடக்கும் மின்சாரம் யாருடையது?

உங்கள் சேர்வர் ராக்குக்கு எத்தனை கிலோவாட் வேண்டும் என்று ஒருவரைக் கேட்டால், அவர் சொல்லும் எண்ணில் பாதி தேவை, பாதி பயம். அந்த எண்ணை வாங்கிக் கணக்குப் பார்ப்பதுதான் என் தொழில். மேற்கு லண்டனிலும் அதையடுத்த ஸ்லோவிலும் இருக்கும் தரவு மையங்களுக்கு மின்கொள்ளளவு திட்டமிடுகிற பொறியியலாளர் நான். கொரோனாவுக்குப் பிறகு ஆண்டில் சில மாதங்களை யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில், அம்மா விட்டுப்போன வீட்டில் கழிக்கிறேன். வேலை அதேதான், இடம்தான் வேறு.

என் பெரியப்பா எண்பதைக் கடந்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒரு காலத்தில் கோயில் மண்டபத்தில் சைவசித்தாந்த வகுப்பு எடுத்தவர். ஒரு பின்னேரம் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தவர், என் திரையில் இருந்த வரைபடத்தைக் கனநேரம் பார்த்தார். மேலே ஆடாமல் அசையாமல் ஒரு கோடு. அது வாடிக்கையாளருக்கு ஒதுக்கிய அளவு. கீழே நெளிந்து நெளிந்து போகும் இன்னொரு கோடு, அவர் உண்மையில் இழுத்த அளவு. இரண்டுக்கும் நடுவே அகன்ற வெறுமை.

"பிள்ளை, இந்த ரண்டு கோட்டுக்கும் இடையில கிடக்கிறது ஆற்றை?"

"அந்தக் கொம்பனிக்காரற்றை, பெரியப்பா."

"அவை பாவிக்கேல்லையே."

"பாவிக்கேல்லை. ஆனா அவைக்கெண்டு ஒதுக்கியாச்சு."

"வேற ஆரும் கேட்டாலும் குடுக்கேலாதோ?"

"ஏலாது."

அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த முதற் கேள்வியை நான் படித்த எந்தப் பாடப் புத்தகத்திலும் சந்தித்ததில்லை. சட்டக் கேள்வி என்றால் ஒப்பந்தப் பத்திரம் பதில் சொல்லிவிடும். அவர் கேட்டது வேறு. பாவிக்காமல் வைத்திருக்கும் ஒன்றைத் தன்னுடையது என்று சொல்ல ஒருவருக்கு என்ன நியாயம்? அவரோடு நான் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும் விஷயம் இது.

முதலில் அந்த வெறுமை எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்லவேண்டும். ராக் என்பது ஆளுயரத்துக்குச் சற்று மேலான இரும்புச் சட்டம், உள்ளே அடுக்கடுக்காகச் சேர்வர்கள். பதினைந்து சேர்வர் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு மின்வழங்கிகள் இருக்கும், ஒன்று பழுதானால் மற்றது தனியே தாங்குவதற்காக. தகட்டில் 800 வாட் என்று பொறித்திருக்கும். ஆகவே தகட்டுக் கணக்கில் ராக்குக்கு 12 கிலோவாட். ஆனால் அந்த வகைச் சேர்வர் வழமையான வேலையில், கடுமையாக உழைக்கும் நேரத்திலும், 350 வாட்டுக்கு மேல் இழுப்பது அரிது. மீற்றர் வைத்துப் பார்த்தால் ராக்கின் உண்மையான உச்சம் ஐந்தேகால் கிலோவாட்.

இந்த ஐந்தேகாலுக்கு 32 அம்பியர், 230 வோல்ட் இணைப்பு ஒன்று போதும். அதன் முழுக் கொள்ளளவு 7.36 கிலோவாட். பிரேக்கரை அதன் எல்லையிலேயே தொடர்ந்து ஓடவிடக் கூடாது என்பதால் 80 சதவீதத்தில், அதாவது 5.9இல் நிறுத்திக்கொள்வோம். அப்படி ஓர் இணைப்பை ஒரு யூபிஎஸ்ஸிலிருந்தும் அதே அளவான இன்னொன்றை வேறொரு யூபிஎஸ்ஸிலிருந்தும் கொண்டுவருவோம். ஒரு பக்கம் முற்றாகப் போனாலும் மறுபக்கம் முழுச் சுமையையும் ஏற்கவேண்டும். எனவே சாதாரண நாளில் ஒவ்வொரு பக்கமும் பாதிச் சுமையோடுதான் ஓடும். பாதி எப்போதும் தூங்கும். இதுவரை எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. இது நேர்மையான இருப்பு.

மிச்சம்தான் கேள்விக்குரியது. சேர்வரை வாங்கிய பிரிவு 12 என்கிறது. பேசிப் பேசி 8க்கு இறங்குகிறது. அடுத்த ஆண்டு வளர்ச்சியை யோசித்து 10 என்று ஒப்பந்தம் எழுதுகிறார்கள். ராக்குகள் நிற்கும் மண்டபத்தை வடிவமைப்பவர் அந்தப் பத்துகளைக் கூட்டி, மேலே தன் பங்குக்கு ஓர் இடைவெளி விடுகிறார். ஜெனரேற்றருக்குப் பொறுப்பானவர் தேவையானதற்கு மேல் ஒன்று வாங்குகிறார். கட்டட உரிமையாளர் மின் விநியோக நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்போது இன்னும் கட்டாத அடுத்த கட்டடத்தையும் சேர்த்துக் கேட்கிறார். இவர்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தன் பொறுப்பில் உள்ளது அணைந்துவிடக் கூடாது என்று மனதார அஞ்சியவர்கள். அந்த அச்சங்களின் கூட்டுத்தொகைதான் பெரியப்பா பார்த்த மேற்கோடு.

இதை அளந்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 2007இல் கூகுளின் பொறியியலாளர்களான ஃபான், வெபர், பரோசோ மூவரும் ஆயிரக்கணக்கான சேர்வர்களை ஏறத்தாழ ஆறு மாதம் கவனித்து எழுதிய ஆய்வு எங்கள் தொழிலில் எல்லோரும் படிப்பது. சில ஆயிரம் சேர்வர் கொண்ட ஒரு தொகுதியில், எல்லாம் ஒன்றாக உச்சம் போனால் வரக்கூடிய அளவுக்கும் உண்மையில் வந்த உச்சத்துக்கும் உள்ள இடைவெளி 7 முதல் 16 சதவீதம். முழு மையத்தையும் சேர்த்துப் பார்த்தபோது அது ஏறக்குறைய 40 சதவீதமாக விரிந்தது. கூட்டம் பெருகப் பெருக, எல்லோருக்கும் ஒரே கணத்தில் முழுப் பசி எடுப்பது அரிதாகிறது. எட்டு ஆண்டு கழித்து ஜொனதன் கூமியும் ஜோன் டெய்லரும் சுமார் 4000 சேர்வர்களைப் பார்த்தார்கள். அவற்றில் 30 சதவீதம் ஆறு மாதமோ அதற்கு மேலோ பயனுள்ள வேலை எதையும் செய்யாமல் மின்சாரத்தை மட்டும் குடித்துக்கொண்டிருந்தன. யாரோ, என்றோ, தேவைப்படலாம் என்று விட்டுவைத்தவை.

சரி, சும்மா கிடந்தால் யாருக்கு என்ன நட்டம்? பாவிக்காத மின்சாரம் உற்பத்தியாவதே இல்லை. எரிபொருள் எரியவில்லை, புகை இல்லை. ஒரு வாட்கூட வீணாகவில்லை என்று கைவிரிக்கலாம். என் தொழிலில் பலர் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள்.

மேற்கு லண்டனில் அதற்குப் பதில் கிடைத்தது. 2022 ஜூலையில் லண்டன் பெருநகர ஆட்சிச் சபை வீடு கட்டுபவர்களுக்கு ஓர் அறிவித்தல் அனுப்பியது. ஹில்லிங்டன், ஈலிங், ஹவுன்ஸ்லோ ஆகிய மூன்று நகரசபைப் பகுதிகளிலும் புதிய பெரிய குடியிருப்புகளுக்கு மின் இணைப்புக் கிடைக்கத் தாமதமாகும், சிலவற்றுக்கு 2035 வரைகூடப் போகலாம் என்றது அது. எம்4 நெடுஞ்சாலையை ஒட்டி ஓடும் ஃபைபர் வழியை நம்பி அப்பகுதியில் குவிந்த தரவு மையங்கள், இருந்த கொள்ளளவைத் தங்கள் பெயரில் எழுதிக்கொண்டது இதற்கு முக்கிய காரணம். அந்த இடங்களை எங்கள் ஆட்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஈலிங் கனகதுர்க்கை அம்மனின் தேர் ஓடும் தெருக்கள் அவை. வடமராட்சியிலிருந்து போனவர்களின் பிள்ளைகள் வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு மாறக் காத்திருக்கும் ஊர்கள் அவை.

அந்த அறிவித்தல் வந்த வாரத்தில் நான் கையெழுத்திட்ட கணக்குகள் என் மேசையில் இருந்தன. பாவிக்காத மின்சாரம் யாரையும் தொடுவதில்லை என்ற ஆறுதல் அன்று போயிற்று. பூட்டி வைத்தது கம்பியிலும் ட்ரான்ஸ்போமரிலும் உள்ள இயலுமையை. இன்னொருவர் அடுப்பு மூட்டக்கூடிய, குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர் சுடவைக்கக்கூடிய இயலுமை அது. பின்னர், முழுவதையும் முதல் நாளே எழுதிக்கொள்ளாமல் தேவை ஏற ஏறப் படிப்படியாகப் பெறும் ஏற்பாடு அங்கே வந்தது, சிறிய குடியிருப்புத் திட்டங்களுக்கு வழி திறந்தது. அப்படியென்றால் இடம் இருந்திருக்கிறது. பெயர்தான் தடுத்திருக்கிறது. அயர்லாந்தில் தரவு மையங்கள் உண்மையில் பாவிப்பதே பெரிது. 2023இல் அந்நாட்டில் அளக்கப்பட்ட மின்நுகர்வில் 21 சதவீதம் தரவு மையங்களுக்குப் போனது. நகரப்புற வீடுகள் எல்லாம் சேர்ந்து எடுத்ததைவிட அது கூட.

பதுக்கலைக் கண்டிக்கும் பழைய அறிவுரைகள் பெரும்பாலும் அழுகும் பொருளை வைத்துச் சொல்லப்பட்டவை. விவிலியத்தின் யாத்திராகமத்தில், வனாந்தரத்தில் கிடைத்த மன்னாவை மறுநாளைக்கென்று எடுத்துவைத்தவர்களுக்கு அது விடியுமுன் புழுத்து நாறியது. களஞ்சியத்தில் தானியம் உளுத்தால் வீட்டுக்காரரின் மூக்குக்கே தெரிந்துவிடும். ஒதுக்கிய கிலோவாட் புழுக்காது, நாறாது. ஆண்டுக் கணக்காகப் புத்தம் புதிதாக இருக்கும். மனச்சாட்சிக்கு எட்டும் ஒரு மணமும் அதிலிருந்து வராது. நம் காலத்தின் சொத்துகளில் பல இந்த இனத்தைச் சேர்ந்தவை என்று நினைக்கிறேன்: அலைக்கற்றை, காப்புரிமை, வெறுமையாகப் பூட்டிய அடுக்குமாடி.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் உமாபதி சிவத்தின் திருவருட்பயனுக்குப் போனார். அதன் மூன்றாம் அதிகாரம் இருள்மல நிலை. உலகத்து இருட்டு பொருள்களை மறைத்தாலும் தான் இருட்டு என்பதையாவது காட்டிக்கொள்ளும், ஆணவ மலமோ பொருளையும் மறைக்கும், தன்னையும் மறைக்கும் என்பது அங்கே சொல்லப்படும் கருத்து. "மறைக்குதெண்டு தெரிஞ்சா விளக்கைத் தேடுவாய். தெரியாட்டி?" என்றார்.

வகுப்பில் சிறுமியாக இருந்து கேட்டபோது இது எனக்குத் தலைக்கு மேலால் போன விஷயம். இப்போது ஒவ்வொரு வாடிக்கையாளர் கூட்டத்திலும் கண்ணெதிரே நடக்கிறது. ஒதுக்கீட்டை யாரும் ஆசை என்று சொல்வதில்லை. பொறுப்பு, முன்யோசனை, சேவைத் தொடர்ச்சி என்கிறார்கள், அப்படித்தான் நம்பவும் செய்கிறார்கள். தாங்கள் உண்மையில் எவ்வளவு இழுக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. பல இடங்களில் ராக்குக்கு மீற்றர் இருந்தும் அந்த எண்ணை ஒருவரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். தெரிந்தவர்களும் வணிக இரகசியம் என்று மூடிவைப்பார்கள். மறைப்பும், அந்த மறைப்பை மறைப்பதும்.

ஆனால் பெரியப்பா அங்கிருந்து போகும் இடத்துக்கு என்னால் போக முடியாது. அவருக்கு இருப்பு என்பதே பற்று. பாகவதத்தில் நாரதர் யுதிஷ்டிரருக்குச் சொல்லும் ஒரு கடுமையான வாக்கை நினைவூட்டுகிறார்: வயிறு நிறையும் அளவே உடலெடுத்தவருக்கு உரிமை, அதற்கு மேல் தன்னுடையது என்று எண்ணுபவர் கள்வர், தண்டனைக்கு உரியவர். பதஞ்சலி ஐந்து இயமங்களுள் கடைசியாக வைத்த அபரிக்கிரகமும் அதுதான், கொள்ளாமை. நாளையை இறைவனிடம் விட்டவனுக்கு இரண்டாவது யூபிஎஸ் எதற்கு என்பது அவர் வாதத்தின் முடிவு.

நான் சொல்கிறேன், மந்திகை ஆசுப்பத்திரியில் ஒருவரை மேசையில் கிடத்தி வயிற்றைத் திறந்திருக்கும்போது மின்சாரம் நின்றால், ஜெனரேற்றர் எடுக்கும்வரை அந்த விளக்கைத் தாங்கும் பற்றரி யாருடைய பற்று? அது கருணை. துறவிக்குச் சொன்ன நெறியைத் தன்னை நம்பி இன்னொருவர் கிடக்கும் இடத்தில் நிற்பவர் மேல் ஏற்றக் கூடாது. என் உயிருக்கு நான் இருப்பு வைக்காமல் விடலாம், அது என் நம்பிக்கை. பிறர் உயிருக்கு இருப்பு வைக்காமல் விட்டு அதை இறைவன்மேல் போடுவது பக்தியாகாது.

இருப்பின் அருமையை இந்த மண்ணுக்கு ஒருவரும் படிப்பிக்க வேண்டியதும் இல்லை. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றது, ஆண்டுக் கணக்காக வரவில்லை. நாங்கள் ஜாம் போத்தலில் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போட்டு எரித்த விளக்கில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள். தேசிய மின்கட்டமைப்போடு யாழ்ப்பாணம் திரும்ப இணைந்தது போர் முடிந்த பிறகுதான். அதற்குப் பிறகும் 2022 மார்ச் கடைசியில் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததில் நாடு முழுவதும் இருண்டது. இந்த நாட்டில் இருந்துகொண்டு கையிருப்பே பாவம் என்று சொன்னால் கேட்பவருக்கு நோகும்.

அந்த மண்ணெண்ணெய்க் காலத்தில் அம்மா சாமித்தட்டுக்குப் பின்னால் எப்போதும் அரைப் போத்தல் ஒதுக்கி வைத்திருப்பா. எங்களுக்கு நாளைக்குப் பரீட்சை என்றாலும் அதைத் தொடவிட மாட்டா. ஒழுங்கையில் எல்லோருக்கும் அது இருப்பது தெரியும். பின்வளவு வீட்டில் பிள்ளைப்பேறு வலி கண்ட இரவு, அவர்கள் வேலிக்கு மேலால் கூப்பிட்டார்கள், அம்மா போத்தலைத் தூக்கிக் கொடுத்தா. அது அதற்காகத்தான் இருந்தது. அந்த இருப்பு இருட்டில் கிடக்கவில்லை. ஊருக்குத் தெரிந்திருந்தது, கேட்டால் வரும் என்ற நிச்சயம் இருந்தது. இரண்டும் இருந்ததால் அது எங்கள் வீட்டுத் தட்டில் இருந்தபடியே ஒழுங்கை முழுவதற்கும் காவலாக இருந்தது. பெரியப்பாவின் கேள்விக்கு என்னிடம் உள்ள விடையின் முதற் பாதி இது.

மறுபாதி எங்கள் தோட்டக் கிணற்றில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், காணியின் பரப்பை எழுதி முடித்ததும் கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் என்று ஒரு வாசகம் வரும். எங்கள் கிணறும் பலர் பங்கு. துலா மிதித்த காலத்திலிருந்து இறைப்புக்கு முறை உண்டு. இன்று ஒருவர், நாளை இன்னொருவர். முறைக்காரர் அன்றைக்கு இறைக்காவிட்டால் அந்த முறை அடுத்தவருக்குப் போகும். பாவிக்காத முறையைச் சேர்த்துவைத்து ஒரு மாதம் கழித்து மொத்தமாக இறைக்க யாருக்கும் உரிமை இல்லை. உறுதி கொடுத்தது எடுக்கும் உரிமையை. எடுக்காமல் தடுத்துவைக்கும் உரிமையை எந்த உறுதியும் கொடுக்கவில்லை. இரவில் ஊறிக் கிடக்கும் தண்ணீர் பங்குக்காரர் எவருடையதும் இல்லை, கிணற்றுடையது.

இந்த முறைக்குப் பின்னால் நிலத்தின் இயல்பு இருக்கிறது. குடாநாட்டுச் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்தால் கீழே உப்பு எல்லை ஏறத்தாழ நாற்பதடி மேலே வரும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. ஆளாளுக்குத் தனித்தனிக் கிணறு வெட்டித் தனித்தனி பம்ப் பூட்டி, நாளைக்கு இல்லாமல் போய்விடும் என்று இன்றைக்கே இழுத்தால், அவரவர் பயமே அவரவர் கிணற்றில் உப்பாக வந்து நிற்கும். சேர்ந்து ஒரு கிணற்றைக் காவல் செய்தவர்களுக்குச் சிறிய இருப்பு போதுமாக இருந்தது. கூகுளின் அந்த 40 சதவீத வரைபடத்தை முதன்முதல் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது இந்தக் கிணறுதான்.

மின்சாரம் கிணற்றைத் தொட்ட கதையும் இங்கே உண்டு, அது உவமை அல்ல. சுன்னாகத்தில் எண்ணெயில் ஓடிய மின் உற்பத்தி நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தது தொடர்பான வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் அப்பகுதி மக்களுக்கு 20 மில்லியன் ரூபாய் இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. ஒரு கிலோவாட்டைக் காகிதத்தில் எழுதும்போது அதன் மறுமுனையில் யாரோ ஒருவரின் வாளி தொங்குகிறது. இதைச் சுன்னாகத்து மக்கள் எங்கள் தொழிலில் உள்ள எல்லோரையும்விட நன்றாக அறிவார்கள்.

கிணற்றின் கணக்கு ஊர் மின்கம்பியிலும் உண்டு. கரவெட்டியில் ஒரு வீட்டுக்கு 30 அம்பியர் ஒற்றைக்கட்ட இணைப்பு இருந்தால் அந்த வீடு ஏறத்தாழ 7 கிலோவாட் இழுக்க உரிமை பெறுகிறது. லண்டனில் நான் சொன்ன ராக்கின் ஒரு பக்க இணைப்பும் ஏறக்குறைய அதேதான். ஆனால் மாதம் 90 யூனிற் எடுக்கும் வீட்டின் சராசரி 125 வாட் மட்டுமே. 100 கிலோவாட் தரக்கூடிய ஒரு ட்ரான்ஸ்போமர், எல்லா வீடும் ஒரே நேரத்தில் முழு உரிமையையும் கேட்டால் பதினாலு வீட்டுக்குத்தான் போதும். அது அதைப் பல மடங்கு தாண்டிய வீடுகளைத் தாங்குவது, அவரவர் தேவைக்கு எடுத்து மற்ற நேரம் விட்டுவிடுவதால். தெருவில் யாரும் இதை அறமாக நினைத்துச் செய்வதில்லை. இருந்தாலும் ஓர் ஊர் ஒளிபெறுவது இந்த விட்டுக்கொடுப்பில்தான். வள்ளுவர் ஒப்புரவறிதல் என்று தனி அதிகாரம் வைத்தது இப்படிப்பட்ட வாழ்க்கைக்குத்தான் என்று எனக்குப் படுகிறது.

ஆகவே என் விடை இது. இருப்பு வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் அதை முதலில் அளக்கவேண்டும். தன் உண்மையான பசி எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பதைச் சமயக் கடமை என்றே சொல்வேன், நாள் தவறாமல் நீறு பூசுவதைப் போலச் செய்யவேண்டிய ஒன்று. அளந்ததைச் சொல்லவேண்டும், மற்றவர் அறியும்படி. கேட்டால் விடவேண்டும். இந்த மூன்றும் இருந்தால் வெறுமையாகக் கிடக்கும் கோடு பொதுக்காவல். இவை இல்லாவிட்டால், எத்தனை நல்ல பெயர் வைத்தாலும், அடுத்தவர் வாசலில் நான் போட்ட பூட்டு.

விடுவதற்கு ஒரு விலை உண்டு, அதை ஒளிக்கக் கூடாது. இருப்பைப் பகிர்ந்தால் என்றோ ஒருநாள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசி எடுக்கும். அதற்காகவே எங்கள் தொழிலில் மின்மட்டுப்பாடு என்றொரு வழி இருக்கிறது. மொத்தச் சுமை எல்லையை நெருங்கினால் சேர்வர்கள் தங்கள் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். வேலை நிற்காது, சற்றுப் பிந்தும். அப்போது எந்த வேலை பிந்தலாம், எது பிந்தக் கூடாது என்று யாராவது முடிவுசெய்யவேண்டும். ஆசுப்பத்திரிப் பதிவேடு பிந்தக் கூடாது. நேற்றைய விற்பனைக் கணக்கு விடியும்வரை காத்திருக்கலாம். வாடிக்கையாளர்கள் இந்தப் பட்டியலைப் போட மிகவும் தயங்குகிறார்கள். எங்களுடையது எல்லாமே அவசரம் என்பார்கள். தன் வேலைகளில் ஒன்றாவது காத்திருக்கத் தக்கது என்று ஒப்புக்கொள்வது ஒரு நிறுவனத்துக்கு இவ்வளவு பாரமாக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் பெரியப்பா சொன்ன ஆணவ மலத்தின் நினைவு வருகிறது.

நான் தயாரிக்கும் விண்ணப்பப் படிவத்தில் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ஒதுக்கியதில் பாவிக்காத பகுதியை எந்தத் திகதிக்குப் பிறகு திருப்பித் தருவீர்கள்? அநேகமானோர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுகிறார்கள். சிலர் திகதி போடுகிறார்கள், போட்டவர்களில் சிலர் சொன்னபடி விட்டும் இருக்கிறார்கள். பெரியப்பாவுக்கு இது திருப்தி இல்லை. "உன்ரை இல்லாததைத் திருப்பிக் குடுக்கிறதைத் தானமெண்டு சொல்லாதை பிள்ளை" என்கிறார். அவர் சொல்வது சரி. நான் அதைத் தானம் என்று எழுதவில்லை, திகதி என்று எழுதியிருக்கிறேன்.

இந்த விடை போதாது என்பதைச் சமீபகாலமாக உணர்கிறேன். இதுவரை பேசியது பயத்தைப் பற்றி. செயற்கை நுண்ணறிவுக்கான புதிய ராக்குகள் வேறு சாதி. என்விடியா நிறுவனத்தின் ஜிபி200 வகை ராக் ஒன்று ஏறத்தாழ 120 கிலோவாட் இழுக்கும். நான் மேலே சொன்ன 125 வாட் வீடுகளில் தொள்ளாயிரத்து அறுபது வீடுகளின் சராசரி அது. பெரிய மாதிரிகளைப் பயிற்றுவிக்கும்போது இவை வாரக்கணக்கில் உச்சத்துக்குக் கிட்டவே ஓடும். மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே அகன்ற வெறுமை இல்லை. அளந்தாயா, ஆம். சொன்னாயா, ஆம். பாவிக்காததைத் திருப்பித் தருவாயா, பாவிக்காதது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. என் மூன்று கேள்விகளுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டு அது தின்றுகொண்டே இருக்கும். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2024இல் உலகத் தரவு மையங்கள் எடுத்தது சுமார் 415 டெராவாட் மணி, உலக மின்நுகர்வில் ஒன்றரைச் சதவீதம். 2030இல் அது இரு மடங்கையும் தாண்டி 945 அளவுக்குப் போகலாம் என்கிறது அதே முகமை.

பயத்துக்கு அளவுகோல் மருந்தாகும். பயந்தவருக்கு மீற்றரைக் காட்டி, இவ்வளவுதான் உங்கள் தேவை, ஆறுதலாக இருங்கள் என்று சொல்லலாம். பலர் ஆறுதல் அடைந்ததைப் பார்த்திருக்கிறேன். பசியே பெருகும்போது மீற்றர் பெருகியதைத்தான் காட்டும். அங்கே கேட்கவேண்டியது எவ்வளவு என்பதல்ல, எதற்கு என்பது. நோயைக் கண்டுபிடிக்கவா, ஒருவருடைய கண்ணைத் திரையிலிருந்து அகலவிடாமல் வைக்கவா? இதைக் கேட்பது பொறியியலாளரின் வேலை இல்லை என்று எனக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். கேட்காமல் கம்பியை மட்டும் இழுத்துக் கொடுப்பவர் அந்த வேலையின் பயனுக்குப் பொறுப்பில்லை என்று எந்தக் கன்மக் கோட்பாடும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

எதற்கு என்று கேட்கும் வரி படிவத்தில் இன்னும் இல்லை. அதை எழுதி வைத்திருக்கிறேன், பெரியப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். ஒரு சொல்லை மாற்றச் சொன்னார், மாற்றினேன். லண்டன் திரும்பியதும் வரும் முதற் கூட்டத்தில் அதை மேசையில் வைப்பேன்.